பாதி வேலையும் பொய் உறுதிமொழியும்

கடந்த மே மாத இறுதியில் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வணிகவியல் பட்டதாரி, வயது முப்பத்து நான்கு. தூத்துக்குடி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கு மாநில அரசு வழங்கும் உதவித்தொகையைத் தொடர்ந்து பெறுவதற்காக ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய சுய உறுதிமொழி அது. ஊதியம் தரும் எந்தப் பணியிலும் ஈடுபடவில்லை என்ற வரியில் விரலை வைத்து, 'சார், இதில் கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் 600 ரூபாய் போய்விடும். என்ன செய்யட்டும்?' என்று கேட்டார்.

அவர் வேலையில்லாதவர்தான். ஆனால், முழுக்க வேலையில்லாதவர் அல்லர். துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் குவியும் நாள்களில், அது சார்ந்த ஓர் அலுவலகத்தில் ஆவணங்களைக் கணினியில் ஏற்றித் தருகிறார். ஒரு மாதம் எட்டு நாள் வேலை இருக்கும். இன்னொரு மாதம் பன்னிரண்டு நாள். சில மாதங்களில் ஒன்றும் இராது. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. சேமநல நிதியும் கிடையாது. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவே.

விடைபெறும்போது அவர் சொன்ன ஒரு செய்திதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அவருடைய தந்தை விசைப்படகுத் தொழிலாளி. அது மீன்பிடித் தடைக்காலம். தந்தையின் பெயரில் அரசின் நிவாரணத் தொகை வந்திருக்கிறது. அதே நாள்களில் அவர் கரையேற்றிய படகுகளுக்கு வண்ணம் பூசித் தினக்கூலியும் வாங்கியிருக்கிறார். 'அப்பாவிடம் யாரும் எந்த உறுதிமொழியும் கேட்கவில்லையே, சார்' என்றார் மாணவர். அதில் பொறாமை இல்லை. நியாயமான ஒரு கேள்வி இருந்தது.

ஒரே வீடு, ஒரே அரசு. வேலை இல்லாத காலத்துக்கு என்று இரண்டு உதவிகள். ஒன்று, 'உனக்கு வழக்கமான வருமானம் நின்றுவிட்டது, இதை வைத்துக்கொள்' என்கிறது. மற்றொன்று, 'நீ ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்று எழுதிக்கொடு' என்கிறது. இவற்றுள் எது சரியான கொள்கை?

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையின் விதிகளை முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 ரூபாய் வழங்கப்படுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்தாண்டுகள் முடிந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 45 வயதுக்குள்ளும் ஏனையோர் 40 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். அரசுத் துறையிலோ தனியார் துறையிலோ சுயதொழிலிலோ ஊதியம் பெறுபவராக இருக்கக் கூடாது. உதவித்தொகை மூன்றாண்டுகளுக்குக் கிடைக்கும்.

இந்த நிபந்தனைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். குடும்பம் மாதத்துக்குச் சராசரியாக 6,000 ரூபாய் வரை ஈட்டலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. அந்த 6,000 ரூபாயைத் தந்தையோ தாயோ சம்பாதித்தால் தவறில்லை. அதில் 2,000 ரூபாயை விண்ணப்பதாரர் சம்பாதித்துத் தாயின் சுமையைக் குறைத்தால் அவர் தகுதி இழக்கிறார். வீட்டுக்குள் வரும் பணம் ஒன்றுதான். கொண்டுவந்த கை எது என்பதை வைத்து விதி முடிவு செய்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. முழுநேரமாகக் கல்லூரியில் படிப்பவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. தொலைதூரக் கல்வி வழியாகப் படிப்பவர் விண்ணப்பிக்கலாம். அதாவது, பகுதிநேரப் படிப்பு என்ற ஒன்று இருப்பதை விதி அறிந்திருக்கிறது. பகுதிநேர வேலை என்று ஒன்று இருப்பது மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாள் கணக்குப் போட்டால் பட்டதாரிக்குக் கிடைப்பது 20 ரூபாய். தூத்துக்குடியில் ஒரு தேநீரும் ஒரு வடையும் வாங்கினால் தீர்ந்துவிடும் தொகை. இந்த 20 ரூபாயில் ஒருவர் மூன்றாண்டுகள் வேறு வருமானமே இல்லாமல் உயிர்வாழ்கிறார் என்று விதியை எழுதியவர்கள் நம்பியிருக்க முடியாது. வாங்குபவரும் நம்புவதில்லை. படிவத்தைப் பெற்றுக்கொள்ளும் ஊழியரும் நம்புவதில்லை. ஆண்டுதோறும் மூவரும் சேர்ந்து நடத்தும் சடங்காக அந்த உறுதிமொழி ஆகிவிட்டது.

சடங்குதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதற்கில்லை. அதனால் இரு தரப்பினர் பாதிக்கப்படுகிறார்கள். முதலாவது தரப்பு, மனசாட்சிக்கு அஞ்சுபவர்கள். அவர்கள் கையெழுத்திடாமல் விலகிக்கொள்கிறார்கள். இரண்டாவது தரப்பு, சட்டத்துக்கு அஞ்சுபவர்கள். அவர்கள் கையெழுத்திட்டுவிட்டு, எழுத்தில் சான்று விட்டுவைக்கக்கூடிய எந்த வேலையையும் தவிர்க்கிறார்கள். வங்கி வழியாகச் சம்பளம், சேமநல நிதிக் கணக்கு, அனுபவச் சான்றிதழ் ஆகிய மூன்றும்தான் தற்காலிக வேலையிலிருந்து நிலையான வேலைக்கு ஏறும் படிகள். அந்தப் படிகளில் கால் வைக்காதே என்று விதி மறைமுகமாகச் சொல்கிறது. வேலை தேடுபவருக்குத் துணையாக வந்த திட்டம், வேலையை ஒளித்துவைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

இந்தப் பார்வைக் கோளாறு உதவித்தொகை விதியோடு நின்றுவிடவில்லை. நம்முடைய புள்ளிவிவரங்களும் எதிர்த்திசையில் இதே தவறைச் செய்கின்றன. தேசிய மாதிரி ஆய்வுகளில் பயன்படும் நடப்பு வார நிலை என்ற அளவுகோலின்படி, கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாள்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர். வாரத்தில் இரண்டு நாள் கூலிக்குப் போய் ஐந்து நாள் கரையில் உட்கார்ந்திருப்பவரும், ஆறு நாள் அலுவலகம் போகும் அதிகாரியும் அங்கே ஒரே பட்டியலில் வருவார்கள். ஆக, வேலையின்மை விகிதத்தைக் குறைத்துக் காட்டுவதற்கும் பகுதி வேலை பயன்படுகிறது. உதவியை மறுப்பதற்கும் பகுதி வேலை பயன்படுகிறது. பாதி வேலையில் இருப்பவருக்கு இரண்டு இடத்திலும் இழப்புதான்.

பொருளியல் அறிஞர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வளர்ந்த நாடுகளின் அளவுகோலை இந்திய உழைப்புச் சந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை தாந்த்வாலா குழு 1970-லேயே சுட்டிக்காட்டியது. வேலையின்மையை நேரம், வருமானம், விருப்பம், உற்பத்தித்திறன் ஆகிய நான்கு கோணங்களில் அளக்க வேண்டும் என்று பேராசிரியர் ராஜ் கிருஷ்ணா 1973-இல் வாதிட்டார். அந்த நான்கையும் அரைநூற்றாண்டுக் காலம் வகுப்பறையில் நடத்திவிட்டோம். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களே இன்றும் இருக்கின்றன.

முத்துக்கரை என்று பெயர் பெற்ற இந்தக் கடற்கரைக்கு அந்த இரண்டு கட்டங்கள் எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை. முத்துக்குளிப்பு என்றால் ஆண்டு முழுவதும் நடக்கும் தொழில் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. சிப்பி விளைந்த ஆண்டில் சில வாரங்கள் நடக்கும். பிறகு பல ஆண்டுகள் நடக்காது. இருபதாண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்த குளிப்பு 1955-இல் மீண்டும் தொடங்கி 1961-உடன் ஓய்ந்தது. குளிப்பவருக்குக் கூலி, எடுத்த சிப்பியில் ஒரு பங்கு. முத்து இல்லாத ஆண்டுகளில் அதே மனிதர் சங்கு குளித்தார். கடல் கலங்கிச் சங்கும் எடுக்க முடியாத மாதங்களில் வலை இழுத்தார். தோணியில் சரக்கு ஏற்றினார். அவரை வேலையுள்ளவர் என்பதா, வேலையற்றவர் என்பதா? இரண்டும் பொருந்தாது. அவருடைய ஆண்டு துண்டு துண்டான வேலைகளால் ஆனது. துண்டுகளுக்கு இடையே இருந்த இடைவெளிதான் அவருடைய வறுமை.

அந்த இடைவெளியை நிரப்புவதே சமூகப் பாதுகாப்பின் வேலை. இதை நம் மாநில அரசு வேறு இரண்டு இடங்களில் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

முதலாவது, மீன்பிடித் தடைக்கால நிவாரணம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கியது. 2017-இல் 61 நாள்களாக நீண்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும். இக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இதைத் தவிர, மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு.

இந்த 61 நாள்களில் தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. வலை பின்னுகிறார்கள், இயந்திரம் பழுது பார்க்க உதவுகிறார்கள், தடைக்கு உட்படாத நாட்டுப்படகுகளில் ஏறிப் போகிறார்கள். மேற்குக் கடற்கரையில் தடை பிந்தித் தொடங்குவதால் சிலர் கேரளத் துறைமுகங்களுக்குச் சென்று சில வாரம் உழைத்துவிட்டு வருகிறார்கள். யாரும் அவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. அவர்களுடைய முதன்மையான வருமானம் நின்றுபோனது உண்மை; கிடைத்த சில்லறை வேலை அந்த இழப்பை ஈடுகட்டவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது, உப்பளத் தொழிலாளர்களுக்கான மழைக்கால நிவாரணம். முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடைப் பகுதிகளில் உப்பளங்களில் உழைப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை இல்லை. பாத்திகளில் மழைநீர் நின்றுவிட்டால் அந்த ஆண்டின் கதை முடிந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த வறட்டுக் காலத்துக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் அண்மை ஆண்டுகளில் வந்தது. வெயிலில் கண் கூசி, உப்பில் கால் வெடித்து உழைக்கும் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தொழிலுக்கு மிகத் தாமதமாக வந்த அங்கீகாரம் அது. மழைக்காலத்தில் அவர்கள் கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போனால் நிவாரணம் பறிபோவதில்லை.

இவை போதுமானவை என்று நான் சொல்லவில்லை. தடைக்கால நிவாரணம் நாளொன்றுக்கு 131 ரூபாய். உப்பளத்துக்கான தொகை மூன்று மாதத்துக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 54 ரூபாய். அதுவும் ஒரு ஆளுக்கன்று, ஒரு குடும்பத்துக்கு. தொகை உரிய நாளில் கைக்கு வருவதில்லை என்பது மீனவர்களின் பழைய குறை. படகு நின்றால் பனிக்கட்டி உடைப்பவருக்கும், மீன் கூடை சுமப்பவருக்கும், ஏலக்கூடத்தில் வாங்கித் தெருவில் விற்கும் பெண்ணுக்கும் வேலை நிற்கிறது. படகில் ஏறாத இவர்களில் பலர் கணக்கில் வருவதில்லை. குறைகள் இருக்கின்றன. ஆனால் அடிப்படைக் கொள்கை சரியானது. உதவிக்கான காரணம் வருமான இழப்பு; முழுச் சும்மா இருத்தல் அன்று.

படித்த இளைஞருக்கு மட்டும் ஏன் வேறு கொள்கை? இதற்கு விடை தேடினால் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய லண்டன் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. வேலையின்மை தனிமனிதனின் சோம்பலால் வருவதன்று, தொழில் நடக்கும் முறையால் வருவது என்பதை வில்லியம் பெவரிட்ஜ் 1909-இல் வெளியான தம் நூலில் நிறுவினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முதன்மையான சான்றுகளில் ஒன்று கப்பல்துறைக் கூலிகளின் நிலை. காலையில் வாயிலில் நூறு பேர் நிற்பார்கள். கப்பலைப் பொறுத்து முப்பது பேரை அழைப்பார்கள். மற்றவர்கள் நாளைக்கு வருவார்கள். யாருக்கும் முழு வேலை இல்லை. யாரும் முழுதாக வேலையற்றவரும் இல்லை. பழைய துறைமுகத்தில் விடியற்காலையில் கங்காணியின் அழைப்புக்காகக் காத்து நின்றவர்களை நினைவில் வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனின் வேலையின்மைக் காப்பீடு 1920-இல் பெரும்பாலான தொழில்களுக்கு விரிந்தபோது துறைமுகத் தொழிலாளர்களும் அதற்குள் வந்தார்கள். அடுத்தடுத்த ஆறு நாள்களில் மூன்று நாள் வேலை இல்லையென்றால் அந்த மூன்று நாள்களுக்கு உதவித்தொகை உண்டு என்பது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து விதி. பகுதி வேலையை அங்கீகரித்த நல்ல விதிதான். ஆனால், அதன் விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தது. நான்காவது நாள் வேலை செய்தால் மீதி இரண்டு நாளுக்கு எதுவும் கிடைக்காது. எனவே மூன்று நாள் கப்பலில், மூன்று நாள் உதவித்தொகைப் பதிவேட்டில் என்பதே வழக்கமாகிப்போனது. நான்காவது நாள் அழைப்பு வந்தாலும் தொழிலாளி தயங்கினார். முதலாளிகளும் அந்த மூன்று நாள் கணக்கைத் தெரிந்துகொண்டு, தேவைக்கு மேல் ஆள்களைத் துறையில் நிறுத்திவைத்தார்கள்.

இந்த அனுபவத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பகுதி வேலையை அனுமதித்தால் மட்டும் போதாது. கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு நாளும் கையில் கூடுதல் பணமாக மாற வேண்டும். உதவி படிப்படியாகக் குறைய வேண்டுமே தவிர, ஒரு கோட்டைத் தாண்டியதும் அறுந்து விழக் கூடாது. இரண்டு, அரைகுறை வேலை தரும் முதலாளிக்கு அரசுப் பணம் மானியமாகிவிடும் ஆபத்து உண்மையானது. பகுதி வேலையின்மைக்கு உதவி கூடாது என்பவர்கள் முன்வைக்கும் வலுவான வாதம் இதுதான். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

முதல் பாடத்தை மேலைநாடுகள் ஓரளவு கற்றுக்கொண்டன. ஜெர்மனியில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் வேலையற்றவராகவே கருதப்படுகிறார். மாதம் 165 யூரோ வரையிலான நிகர வருமானத்துக்கு அவருடைய காப்பீட்டு உதவி குறைவதில்லை. அதற்கு மேல் ஈட்டுவது மட்டும் கழிக்கப்படுகிறது. பிரிட்டனின் இன்றைய ஒருங்கிணைந்த உதவித்தொகையில் ஈட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் உதவி குறையும். 2021 வரை அது 63 பென்ஸாக இருந்தது. பின்லாந்து அரசு 2024-இல் செலவைக் குறைப்பதற்காக, மாதம் 300 யூரோ வரையிலான வருமானத்துக்கு இருந்த விலக்கை நீக்கியது. அப்போதும் ஈட்டியதில் பாதியை மட்டும் கழிக்கும் முறையை அது கைவிடவில்லை. பகுதி வேலையின்மையையும் கருத்தில் கொள்ளுமாறு 1988-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையும் கூறுகிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இரண்டாவது பாடத்துக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதே இல்லை. 1948-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தும் சட்டம் அதற்கு விடை தந்தது. அச்சட்டத்தின்கீழ் மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற பெருந்துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. பதிவு பெற்ற தொழிலாளி காலையில் வந்து தன் வருகையைப் பதிய வேண்டும். கப்பல் இருந்தால் கூலி, இல்லையென்றால் வருகைப்படி. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி என்ற உறுதியும் இருந்தது. பத்து நாள் வேலை செய்த தொழிலாளி, மற்ற நாள்களுக்கு வருகைப்படி வாங்குவது மோசடியாகக் கருதப்படவில்லை, திட்டமே அதற்காகத்தான். இந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்பதுதான் முக்கியம். தொழிலாளர்களைப் பயன்படுத்திய கப்பல் சரக்கு நிறுவனங்களிடமிருந்தே கூலியின் மீது தீர்வையாக அது வசூலிக்கப்பட்டது. காத்திருக்கும் உழைப்பால் பயன்பெறுபவர் காத்திருப்புக்கும் விலை தர வேண்டும் என்ற எளிய நியாயம் அது.

பெட்டகங்களும் பாரந்தூக்கிகளும் வந்தபின் ஆள்தேவை குறைந்தது. அச்சட்டத்தைப் பெருந்துறைமுகங்களுக்குப் பொருந்தாததாக்க 1997-இல் வழிவகை செய்யப்பட்டது. வாரியங்களில் ஊழலும் தேக்கமும் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் வாரியங்கள் போனபோது அந்த நியாயமும் சேர்ந்து போய்விட்டது. இன்று துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிட்டங்கிகளிலும், லாரி நிறுத்தங்களிலும், முகவர் அலுவலகங்களிலும் அழைத்தால் வருவோம் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களின் காத்திருப்புக்கு விலையே இல்லை. கங்காணி போய்விட்டார், காத்திருப்பு போகவில்லை.

முறைசார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் (இ.எஸ்.ஐ.) வாஜ்பாய் பெயரிலான உதவித் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியது. வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த உதவி, கரோனா காலத்தில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாள்கள். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. இடையில் வேலை கிடைத்துவிட்டால் அந்நாளோடு உதவி நிற்கும். கிடைத்த வேலை இரண்டு மாத ஒப்பந்த வேலையாக இருந்தால்? ஒப்பந்தத் தொழிலாளி வாழ்நாளில் ஒருமுறை மட்டும் வேலை இழப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இழக்கிறார். கடந்த 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வேலையின்மைக்கென்று அனைவருக்கும் பொதுவான உதவி எதையும் உருவாக்கவில்லை. ஆனால், செயலி வழியாக வேலை வாங்கும் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. வருகைப்படித் தீர்வையின் நியாயம் வேறு உருவில் திரும்பி வந்திருப்பதாக இதைக் கொள்ளலாம்.

என்ன செய்ய வேண்டும்? பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. நான்கு திருத்தங்கள் போதும்.

முதலாவதாக, வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கான விதியிலிருந்து, ஊதியம் தரும் எப்பணியும் கூடாது என்ற நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். குடும்ப வருமான உச்சவரம்பு ஒன்றே வசதியுள்ளவர்களை வடிகட்டப் போதுமானது. 600 ரூபாய் உதவிக்காக ஒருவரின் எட்டு நாள் கூலியைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்க ஆகும் செலவு, உதவித்தொகையைவிட அதிகம். முழுநேர வேலையை மறைத்து உதவி வாங்குபவரைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் பிடிக்க வேண்டும். எட்டு நாள் வேலை செய்தவரையும் அவரையும் ஒரே குற்றவாளிப் பட்டியலில் வைத்திருக்கும்வரை அவரைத் தனியே அடையாளம் காண முடியாது.

இரண்டாவதாக, உதவித்தொகையைப் பொருள்படும் அளவுக்கு உயர்த்த அரசு முன்வரும்போது, படிப்படியாகக் குறையும் முறையைக் கொண்டுவர வேண்டும். எடுத்துக்காட்டாக, மாத உதவி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்த உழைப்பில் ஈட்டும் முதல் 3,000 ரூபாய்க்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 50 காசு குறையும். 5,000 ரூபாய் ஈட்டுபவருக்கு 1,000 ரூபாய் உதவி கிடைத்து, கையில் 6,000 ரூபாய் இருக்கும். 7,000 ரூபாய் ஈட்டினால் உதவி தானாகவே முடிந்துவிடும். எந்த இடத்திலும் உழைத்ததற்காக அவர் இழப்பதில்லை. உண்மையைச் சொன்னதற்காகவும் இழப்பதில்லை.

மூன்றாவதாக, காப்பீட்டுத் திட்டத்தின் 90 நாள்களை ஒரே மூச்சில் தீர்க்க வேண்டிய சலுகையாக வைக்காமல், தொழிலாளியின் கணக்கில் இருக்கும் நாள்களாக மாற்ற வேண்டும். குறுகிய வேலை கிடைத்தால் நாள்கள் நின்று காத்திருக்கட்டும். அது முடிந்ததும் மீதியைத் தொடரட்டும். சந்தா செலுத்தச் செலுத்தப் புதிய நாள்கள் சேரட்டும்.

நான்காவதாக, இடைவெளிக்கான செலவில் ஒரு பங்கை அதனால் பயன்பெறும் தொழில்கள் ஏற்க வேண்டும். கட்டடங்களின் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகி, நலவாரியம் வழியாகத் தொழிலாளிக்குத் திரும்புகிறது. தூத்துக்குடியிலிருந்து நாடெங்கும் போகும் உப்பின் மீதும், இங்கே கையாளப்படும் சரக்கின் மீதும் டன்னுக்குச் சிறு தொகை வைத்தால், உப்பளத்துக்கான 5,000 ரூபாயை உயர்த்தவும், மீன்பிடித் துறைமுகத்தின் பனிக்கட்டித் தொழிலாளியையும் கூடை சுமக்கும் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளவும் வழி பிறக்கும். வேலை இல்லாத மாதங்களில் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால், வேலை தொடங்கும் மாதத்தில் ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் தொழில் நடத்துபவர்களே. ஆகவே இதைத் தானம் என்று அவர்கள் கருத வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று சொல்பவர்கள் ஒரு முறை ஏப்ரல் மாத இறுதியில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து பார்க்கலாம். நிவாரணம் உண்டு என்று தெரிந்தும், உறுதிமொழி எதுவும் கேட்கப்படாத நிலையிலும், அங்கே யாரும் படுத்துக் கிடப்பதில்லை. கிடைக்கிற வேலையைக் கிடைக்கிற கூலிக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். கால் நூற்றாண்டாக ஆண்டுதோறும் நம் கண்முன் நடக்கும் இந்தச் சோதனையைவிடச் சிறந்த சான்று எந்த ஆய்வேட்டிலும் கிடைக்காது.

என் மாணவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கலாம். பொய்க் கையெழுத்துப் போடு என்று ஓர் ஆசிரியன் சொல்ல முடியாது. 600 ரூபாயை விட்டுவிடு என்று, மாதந்தோறும் ஓய்வூதியம் வாங்கும் ஒருவன் சொல்வதும் நியாயமாகாது. படிவத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். தந்தையிடம் கேட்காத கேள்வியை மகனிடம் மட்டும் கேட்கும் அரசுதான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)